கடைசிப் பத்தி அப்பா எழுதியது

வடிவு எழுதிய கதையை அவள் அப்பா நமசிவாயம் ஒரு கிரையப் பத்திரத்தைப் படிப்பதுபோலத்தான் படித்தார். வேறு மாதிரி படிக்க அவருக்குத் தெரியாது, பாவம். தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து, வடிவு பிறப்பதற்கு முன்பிருந்தே ஊரார் சொத்தையெல்லாம் எழுதிக் கொடுக்கிற மனிதர். கதையில் வருகிற பெண் யார், தகப்பன் பெயர் என்ன, வீட்டுக்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வர வர முகம் சுண்டிப்போயிற்று.

"ஏட்டி, இது நம்ம வீடுல்லா?"

"கதைப்பா."

"என்ன கதை? கெழக்க அரிசி மில்லு, மேக்க தண்ணித் தொட்டி, வடக்க டெய்லர் வீடு. எவனும் கண்ண மூடிக்கிட்டு வந்து கதவத் தட்டிருவான். இப்படியா எல்லைய நாலு பக்கமும் தொறந்து போட்டு வைப்பாக?"

வடிவு பிளஸ் டூ படிக்கிறாள். முழுப்பெயர் முத்துவடிவு. அந்தப் பெயருக்காக வகுப்பில் வாங்குகிற கிண்டலையே பொருட்படுத்தாதவள், அப்பாவின் முகச்சுளிப்புக்கா அசரப்போகிறாள்? கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்ற தோரணையைப் பார்த்ததுமே அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா அகிலாண்டத்துக்கு, இன்றைக்கு வீட்டில் ரகளைதான் என்று தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். போன வருஷம், பிளஸ் ஒன் நடுவில், வடிவுக்கு ஒன்றும் ஓடாமல் போயிற்று. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தலைவாரச் சீப்பை எடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் அழுதிருந்தால்கூட அகிலாண்டம் இத்தனை பயந்திருக்க மாட்டாள். அழவில்லை. ஒருநாள், "எம்மா, நான் இல்லாட்டா உங்களுக்கெல்லாம் லேசா இருக்கும்லா?" என்று, கடைக்குப் போய்விட்டு வரவா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியுமாக அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தமட்டில் நல்ல பெற்றோர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று மாதக்கணக்கில் நடந்தது.

ஊருக்கு என்ன சொல்வது? அகிலாண்டம் யோசித்து, "காமாலை" என்றாள். எத்தனை கெட்டிக்கார யோசனை! பள்ளிக்கூடம் போகவில்லையா, காமாலை. இளைத்துவிட்டாளா, காமாலை. சாப்பிடவில்லையா, பத்தியம். ஆனால் நம் சொந்தபந்தங்கள் லேசுப்பட்டவர்களா? காமாலை என்று காதில் விழுந்ததும் ஆளாளுக்குக் கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் பார்க்க அரைத்துக் குடிக்கவேண்டும், உப்பும் எண்ணெயும் இல்லாமல் சாப்பிடவேண்டும். இல்லாத காமாலைக்கு வடிவு குடித்த கீழாநெல்லியில் ஒரு ஆட்டையே வளர்த்திருக்கலாம். வீரகேரளம்புதூரில் இருக்கிற யோகலட்சுமி அத்தை, நமசிவாயத்தின் பெரியப்பா மகள், பஸ்ஸிலேயே கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டாள். அந்த அத்தையின் மகன் சாய்கிருஷ்ணனுக்கு அல்சர் என்று பிற்பாடு தகவல் வந்தபோது, அகிலாண்டமும் பதில் மரியாதையாக மணத்தக்காளி வற்றல் அனுப்பிவைத்தாள்.

தேறி வந்த பிறகு வடிவு கதைகளாகத் தேடிப் படித்தாள். தன் வயசுப் பிள்ளைகளுக்குத் தனக்கு வந்த மாதிரி வருகிற கதைகள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. ஒன்று, அந்தப் பிள்ளை கடைசியில் செத்துப்போகும், எல்லோரும் அழுவார்கள். இல்லாவிட்டால் ஒரு சிநேகிதி வந்து ரெண்டு வார்த்தை பேசுவாள், வானம் வெளுக்கும், எல்லாம் சரியாகிவிடும். ரெண்டும் பொய் என்று வடிவுக்குத் தெரியும். சரி, எவரும் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன் என்று போனிலேயே தட்டத் தொடங்கினாள். அவள் கதையில் வருகிற பெண் சாகவில்லை, பட்டென்று குணமாகவும் இல்லை. டாக்டரிடம் போகிறாள். மாத்திரை போட்டால் வாய் உலர்கிறது, கணக்கு வகுப்பில் தூங்கி விழுகிறாள், சுடிதார் இறுக்குகிறது. நாலு நாள் நன்றாக இருந்ததும் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்துகிறாள், மறுபடி படுக்கையில் விழுகிறாள். திரும்பவும் டாக்டர். அப்புறம் ஒரு புதன்கிழமை, சாம்பாரில் உப்பு தூக்கல் என்று அம்மாவிடம் சண்டை போடுகிறாள். மாதக்கணக்கில் எதிலும் ருசி தெரியாமல் கிடந்தவள்! அத்தோடு கதை நின்றுவிடும்.

திருநெல்வேலியிலிருந்து வருகிற ஒரு மாதப் பத்திரிகையில் மாணவர் கதை கேட்டிருந்தார்கள். பதினெட்டு வயசு ஆகாதவர்கள் பெற்றவர்களின் கையெழுத்தோடு அனுப்பவேண்டும். வந்ததே வினை!

"கையெழுத்துப் போடுதேன். ஆனா இப்படியே போட மாட்டேன்" என்றார் நமசிவாயம். "ஊர மாத்து. ஆள மாத்து. சீக்க மாத்து."

"சீக்க மாத்துனா கதையே இல்லப்பா."

"ஏட்டி, எழுத்துன்னு வந்துட்டா அது சாட்சி. எங்கிட்ட வந்து எத்தன பேரு அழுதிருக்கான் தெரியுமா, அன்னைக்கே தெரியாம எழுதிட்டேன் அண்ணாச்சின்னு? நாளைக்கு உனக்குக் காலேஜ் இருக்கு, கல்யாணம் காட்சி இருக்கு. இந்தக் கதைய எடுத்து வச்சிக்கிட்டு எவனாவது கேள்வி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மகள் மேல் உள்ள பிரியத்தில் பேசினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரியத்தில் செய்கிற காரியமெல்லாம் சரியாகிவிடுமா? ரெண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் வடிவு இறங்கிவந்தாள். முதல் கதை, அச்சில் பெயர் வரும். அந்த வயசில் அந்த ஆசைக்கு முன்னால் எதுதான் நிற்கும்? "என்னமும் பண்ணிக்கோங்க" என்று போனை நீட்டிவிட்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு அழுதாள்.

நமசிவாயம் தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சுத்தமாகத் தட்டிக் கொடுத்தார். பெண் பையனாகிவிட்டாள். தென்காசி வேண்டாம் என்று, அன்றைக்கு மேஜையில் கிடந்த பத்திரம் வீரகேரளம்புதூர்ச் சொத்து என்பதால், அந்த ஊரைப் போட்டார். காமாலை என்று போட்டாலும் ஊர் தன் மகளைத்தான் நினைக்கும் என்று பட்டது. வேறு என்ன போடலாம் என்று யோசித்தவருக்குச் சட்டென்று அல்சர்தான் வாயில் வந்தது. டாக்டரையும் மாத்திரையையும் வரிவரியாகத் தூக்கிவிட்டு, முடிவுக்கு ஒரு பத்தியை அவரே எழுதினார்: 'மேற்படி சிறுவன் ஒரு மண்டல காலம் பழைய குற்றால அருவியில் தினசரி நீராடி, மருந்து மாத்திரை ஏதுமின்றிப் பரிபூரண சுகமடைந்து, முன்போல் பள்ளி சென்று வரலானான்.'

பத்திரிகைக்காரர்கள் 'மேற்படி'யை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டார்கள்.

பத்திரிகை வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சாரல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் யோகலட்சுமி அத்தையின் போன் வந்தது. வடிவைக் கூப்பிடு, வடிவைக் கூப்பிடு என்று ஒரே குதூகலம். அகிலாண்டம் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எட்டி வடிவு, என் தங்கம்! கதைய வாசிச்சேன்டி. ஒரு தடவையா ரெண்டு தடவையா! வாசிச்சு வாசிச்சு அழுதேன். ஊரு பேரையும் போட்டு, அல்சர்னும் போட்டு, அப்படியே எங்க சாயிய எழுதிருக்கியே. உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

வடிவு தோசையைப் பிய்த்த கையோடு அப்பாவைப் பார்த்தாள். அப்பா போனைப் பார்த்தார்.

"எது அத்தை?"

"ஒளிக்காதட்டி. அவனுக்கு அல்சரும் இல்ல ஒண்ணும் இல்ல. ரூம விட்டு வரமாட்டாம், பேச மாட்டாம், சாப்பிட மாட்டாம். திருநவேலில டாக்டர்கிட்ட காட்டி மாத்திர குடுத்துட்டு இருந்தோம். வெளிய சொல்ல முடியுமா? நீ யார்ட்ட கேட்டியோ, சொல்லாம சொல்லி ஒரு வழியும் காட்டிட்ட. நானும் மாமாவும் போன வாரத்துல இருந்து தெனமும் காலைல பழைய குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். மாத்திர எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. நீ எழுதுன மாதிரியே."

வடிவு தட்டைத் தள்ளிவைத்தாள். அகிலாண்டம் மெதுவாக அடுப்பை அணைத்தாள்.

"அத்தை, மாத்திரைய நிறுத்தாதிய. அது தப்பு. அது நான் எழுதல அத்தை."

"கூச்சப்படாத. உன் பேரு தடிமனா போட்டுருக்கே!"

"அத்தை, நெசமா சொல்லுதேன்..."

"அத்தைக்குத் தெரியும்டி. நேர்ல வந்து கன்னத்தக் கடிச்சு முத்தம் குடுக்கணும் உனக்கு. வைக்கட்டா?"

வைத்துவிட்டாள். சட்டினி காய்ந்துகொண்டிருந்தது. நமசிவாயம் கையைக் கழுவப் போனார். குழாயடியில் நெடுநேரம் கழுவினார்.

"பதறாத. நான் பக்குவமா சொல்லுதேன்" என்று திரும்பிவந்து அக்காவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்குவத்தை வடிவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "எக்கா, அது சும்மா கற்பனைக்கா. சின்னப்பிள்ள ஏதோ எழுதிருக்கா, அத நம்பி மாத்திர கீத்திரைய நிறுத்திராத" என்றார். அந்தப் பக்கம் அத்தை சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. "போடா நமசு, கற்பனையாம்! ஊரு, சீக்கு, பையன் வயசு எல்லாம் கற்பனையில வந்துருமாக்கும்? எங்க மானம் போகக்கூடாதுன்னு சமாளிக்க. எனக்குத் தெரியாதாடா உன்ன" என்றாள். நமசிவாயம் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"கேட்டாளா?" என்றாள் வடிவு.

"நாளைக்கு மறுபடி சொல்லுவோம்."

"நாளைக்கா? ஒரு வாரமா மாத்திர இல்லாம இருக்கான்ப்பா. நான் நிறுத்துனப்பம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? தலைக்குள்ள சுருக் சுருக்குன்னு வெட்டும். அப்புறம் எல்லாம் இருட்டிட்டு வரும். முன்னால இருந்தத விட மோசமா வரும். அத நான் எழுதிருந்தேன். நீங்கதான தூக்குனிய!"

நமசிவாயத்துக்கு அந்த நாள் நன்றாகவே நினைவிருந்தது. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிவந்தவரே அவர்தான்.

"கற்பனைன்னு சொன்னா அத்தை நம்ப மாட்டா. அது நானு, காமாலை இல்ல, மாத்திர தின்னுதான் எந்திரிச்சேன்னு சொன்னாத்தான் நம்புவா."

"அத அவகிட்ட சொன்னா நாளைக்குக் காலைல பண்பொழி, அச்சன்புதூர் சொந்தம் எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்ட்டி. உங்க அத்தை வாயி தெரியும்லா?"

"தெரியட்டும்."

"சொல்லுதது லேசு."

"லேசுன்னு நான் சொன்னனா?" வடிவுக்குக் குரல் உடைந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "எங்கதைய வாசிச்சு ஒருத்தன் மாத்திரைய விட்டுட்டான்ப்பா. அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அப்புறம் எப்படி எழுதுவேன்? எப்படி இருப்பேன்? காலைல நான் அங்கன போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

காமாலையைக் கண்டுபிடித்தவள் அல்லவா, அகிலாண்டத்துக்கும் உள்ளே குடைந்துகொண்டுதான் இருந்தது. "நான் போட்ட முடிச்சு அது" என்றாள். "அவள போக விடுங்க. கூடப் போயிட்டு வாங்க."

மறுநாள் திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் பைக்கில் கிளம்பினார்கள். தென்காசியைத் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. பழைய குற்றாலத்தில் வண்டியை நிறுத்தும்போது நமசிவாயம், "நானே சொல்லுதேன், நீ சும்மா நில்லு" என்றார். வடிவு தலையாட்டினாள். ஆனால் சும்மா நிற்கிற எண்ணம் அவளுக்கு இல்லவே இல்லை.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. அத்தை குளித்து முடித்து, ஈரச்சேலையோடு படிக்கட்டுப் பக்கம் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் துண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எட்டி என் ராசாத்தி! வாடா நமசு! ரெண்டுபேரும் குளிக்க வந்தியளா?"

ஆண்கள் பக்கம் அத்தையின் புருஷன் குத்தாலிங்கம் மாமா தெரிந்தார். சாயியின் கையைப் பிடித்து அருவிக்குள் நிறுத்தியிருந்தார். மாமா நல்ல மனுஷர். மகன் வழுக்கிவிடக்கூடாதே என்று தன் உடம்பால் அணைகொடுத்து நின்றார். சாய்கிருஷ்ணன் வடிவைவிட ஒரு வயசு சின்னவன். எண்ணெய் வழிகிற தலையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, அவன் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற பயல்கள் கத்திக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் குளிர்கூட உறைக்காதவனாக நின்றான். வடிவுக்கு அந்த முகத்தைத் தெரியும். போன வருஷம் பாத்ரூம் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம் அது.

"எக்கா, உங்கிட்ட ஒரு விஷயம்" என்று நமசிவாயம் தொடங்கினார். "அந்தக் கதை இருக்குல்லா... அது வந்து, பத்திரிகைன்னா கொஞ்சம் கூட்டிக் கொறச்சுத்தான் போடுவாக... நீ டாக்டர்கிட்ட ஒரு வார்த்த..."

"நீ ஏம்ல இழுக்க?"

"அத்தை, அந்தக் கதையில வார பையன் நான்" என்றாள் வடிவு.

அத்தை துண்டை எடுத்துப் பிழிந்தபடியே அவளைப் பார்த்தாள்.

"எனக்குக் காமாலை வரல. சாயிக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. நாங்களும் உங்கள மாதிரியே பொய் சொன்னோம். நான் அருவில குளிச்சுத் தேறல. பாளையங்கோட்டை டாக்டர்ட்ட போயி, மாத்திர தின்னு தேறுனேன். இப்பமும் தின்னுட்டுத்தான் இருக்கேன். இங்கன தண்ணியில நின்னா நல்லாத்தான் இருக்கும், ஒத்துக்கிடுதேன். கொஞ்ச நேரம் லேசா இருக்கும். ஆனா மாத்திர செய்யுத வேலைய இது செய்யாது அத்தை. அவன் மாத்திரைய நிறுத்தக்கூடாது."

"அச்சுல வந்துருக்கேட்டி" என்றாள் அத்தை. குரலில் இருந்த குதூகலம் எங்கேயோ போய்விட்டது. "நானா சொல்லுதேன்? மாத்திர ஏதுமின்றின்னு போட்டுருக்கே. எத்தனையோ நாளு கழிச்சு அன்னைக்குத்தான் நான் தூங்குனேன். இப்பம் வந்து இல்லங்குத. எத நம்ப?"

"எழுதுனது நான். கடைசிப் பத்தி நான் எழுதல."

"பின்ன யாரு எழுதுனா?"

வடிவு அப்பா பக்கம் திரும்பவில்லை. இதை அவள் சொல்லலாம். சொன்னால் அத்தை நம்ப மாட்டாள். பிள்ளை வெட்கத்தில் உளறுகிறது என்பாள். இதை ஒரே ஒரு ஆள்தான் சொல்ல முடியும், அந்த ஆள் பக்கத்தில் சட்டை நனைய நின்றுகொண்டிருக்கிறார்.

அதற்குள் மாமாவும் சாயியும் மேலேறி வந்துவிட்டார்கள். சாயியின் தோளில் மாமா துண்டைப் போர்த்தினார். என்ன ஏது என்று விளங்காமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். தெரிந்தவர்கள் ரெண்டு மூன்று பேர் கடைப்பக்கம் நின்று, என்ன அண்ணாச்சி இங்கன என்று நமசிவாயத்துக்குக் கைகாட்டினார்கள். அவர் பதிலுக்குக் கைகாட்டவில்லை.

"தம்பி, பிள்ள சொல்லுதது நெசமா?" என்றாள் அத்தை.

பிறர் சொத்தைப் பற்றி ஆயிரம் உறுதிமொழி எழுதிக்கொடுத்த ஆளுக்குத் தன் வீட்டு விஷயம் நாலு வார்த்தை வாயில் வர மறுத்தது. வடிவுக்கு ஒரு நிமிஷம் அப்பா மேல் அத்தனை கோபம், அடுத்த நிமிஷமே அத்தனை பாவமாகவும் இருந்தது. இவர் சொல்லாவிட்டால் சாயியின் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

"நெசம்க்கா" என்றார் நமசிவாயம். "எம் மவ போன வருஷம் சாகப்போறேன்னு நின்னா. காமாலைன்னு சொன்னது பொய். டாக்டர்தான் மீட்டுக் குடுத்தாரு. அத அவ உள்ளத உள்ளபடி எழுதிருந்தா. நாந்தான் பயந்துக்கிட்டு ஊர மாத்தி, ஆள மாத்தி, இந்த அருவியக் கொண்டு சொருவுனேன். அந்தக் கடைசிப் பத்தி நான் எழுதுனது. ஒரு எழுத்து உண்மை கெடையாது. அத நம்பி எம் மருமவன் மாத்திரைய நிறுத்திட்டீங்கன்னு கேட்டதுல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. என்னய செருப்பால அடி எக்கா. ஆனா மாத்திரைய குடு."

கடைப்பக்கம் நின்றவர்கள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். காதை மட்டும் திருப்பவில்லை.

அத்தை அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வடிவைப் பார்த்து, "அப்பம் நான் அனுப்புன கீழாநெல்லி?" என்றாள்.

"எல்லாத்தையும் குடிச்சேன் அத்தை."

"அடப் பாவி மட்டைகளா" என்று சொல்லி, அத்தை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா மட்டும் சாயியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சாய்கிருஷ்ணனைப் பற்றித்தான் இத்தனை பேச்சும். ஆனால் ஒருத்தராவது அவனைப் பார்த்துப் பேசினார்களா? வடிவுக்கே அது இப்போதுதான் உறைத்தது. அவன் பக்கம் திரும்பினாள்.

"சாயி, மன்னிச்சிரு."

அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. பல் கிட்டிப் பேசினான். "மாத்திர போட்டா எனக்கு ஒறக்கமா வரும். கிளாஸ்ல சிரிப்பானுவ. அதெல்லாம் உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. கணக்கு சார் என் பேர மாத்தி வச்சிட்டாரு."

"அத எழுதிருந்தியா?"

"எழுதிருந்தேன். அப்பா எடுத்துட்டாரு."

"எடுக்காதது வச்சிருக்கியா?"

வடிவு போனை எடுத்தாள். நனையாமல் இருக்கத் துப்பட்டாவால் துடைத்து, கதையைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். சாயி அங்கேயே, படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்தான். தலையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் சொட்டிக்கொண்டிருந்தது. "வீட்ல போயி வாசிக்கலாம்யா, சளி பிடிச்சிரும்" என்று அத்தை எழுந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இத்தனை நாளில் பையன் தானாக ஒன்றைக் கேட்டு வாங்கியது இதுதான் முதல்தடவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவன் மெதுவாகத்தான் வாசித்தான். சில இடத்தில் விரல் நின்றது, பின்னால் போயிற்று, மறுபடி வந்தது. ஒரு இடத்தில் மூக்கால் ஒரு சத்தம் விட்டான், சிரிப்பு மாதிரி. எந்த இடம் என்று கேட்க வடிவுக்கு நாக்கு துடித்தது, கேட்கவில்லை. மொட்டைமாடி வருகிற பக்கத்தில் அவன் நெடுநேரம் இருந்தான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எழுதும்போதுகூட இத்தனை பயம் இல்லை. ஒரு வரி பொய்யாக இருந்தாலும் இவன் கண்டுபிடித்துவிடுவான்.

சாரல் வலுத்தது. யாரும் கடைக்குள் ஒதுங்கவில்லை. மூன்று பெரிய மனுஷர்களும் வடிவும், ஒரு பையன் கதை வாசித்து முடிக்கட்டும் என்று நனைந்துகொண்டு நின்றதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"இதையே அனுப்பிருவோம்" என்றார் நமசிவாயம் மகளிடம் தணிந்த குரலில். "தென்காசின்னே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடுதேன்."

"எனக்கு அல்சர்னு சொல்லுததையும் நிறுத்திருங்க மாமா" என்றான் சாயி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

கடைசி வரிக்கு வந்ததும் அவன் விரலால் இன்னும் மேலே தள்ளிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தள்ளினான்.

"அவ சரியாயிட்டாளா இல்லையான்னு எழுதவே இல்லையே."

"இன்னும் ஆயிட்டு இருக்கா" என்றாள் வடிவு.

அவன் போனைத் துண்டில் துடைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்தான்.

"எம்மா, டாக்டருக்குப் போன் போடு. நிறுத்துனத சொல்லு. நானே அவர்ட்ட பேசுதேன்."

அத்தைக்கு அவசரத்தில் நம்பர் அகப்படவில்லை. மாமாதான் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் சாயி எழுந்து, அருவிச் சத்தம் கேட்காத தூரத்துக்குத் தள்ளிப்போய் நின்று பேசினான்.